குளிர்ந்தால் வெப்பம் போய்விட்டதா? வாயுக் கணக்குகளில் முதல் விதியைப் பழகும் வழி

குன்னூரில் மாலை வேளையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் பாலிடெக்னிக் முதலாண்டுக்காரர்களுக்கும் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். வெப்ப இயக்கவியல் தொடங்கும் நாளில் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. ஒரே ஒரு கேள்விதான். மேட்டுப்பாளையத்தில் நம்மை வேர்க்கவைத்த அதே காற்று, மலைச்சரிவில் ஏறி இங்கே வந்து சேரும்போது சில்லென்று இருக்கிறது. அதன் வெப்பத்தை வழியில் யார் வாங்கிக்கொண்டார்கள்?

மரங்கள் என்பார்கள், பாறை என்பார்கள், கல்லாற்றுத் தண்ணீர் என்பார்கள். ஒருமுறை ஒரு பெண், "மேல வர வர சூரியனுக்குப் பக்கத்துலதானே சார் வர்றோம், அப்ப சூடாத்தானே ஆகணும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் 2 கிலோமீட்டர் எந்த மூலைக்கு என்று சொல்லிவிட்டு, என் கேள்விக்குத் திரும்பினேன்.

விடை: யாரும் வாங்கவில்லை. காற்று யாருக்கும் வெப்பம் கொடுக்காமலேயே குளிர்கிறது. இதை மனதார ஒப்புக்கொண்டவருக்கு முதல் விதி கைக்குள் வந்த மாதிரிதான். ஒப்புக்கொள்ளாதவர் சூத்திரங்களை ஒப்பித்தாலும் கணக்கில் எங்காவது ஓரிடத்தில் வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்கிவிடுவார். கீழே நான் செய்துகாட்டப்போகிற கணக்குகளெல்லாம் அந்த இரண்டையும் பிரித்துவைக்கத்தான். நோட்டு, பென்சில், கால்குலேட்டர் போதும். எழுத்துக் குறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சொற்களிலேயே எழுதுகிறேன். உங்கள் புத்தகத்து எழுத்துகளை நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள்.

விதி இதுதான்:

வாயுவுக்குள் வந்த வெப்பம் = அக ஆற்றலில் கூடியது + வாயு வெளியே செய்த வேலை

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்வேன்: இன்றைக்குக் கொட்டகைக்கு வந்த பச்சை இலை, ஒன்று இருப்பில் கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபேக்டரிக்குப் போயிருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. வந்த இலை வெப்பம், இருப்பு அக ஆற்றல், ஃபேக்டரிக்குப் போன லோடு வேலை. இன்றைக்கு இலையே வரவில்லை, ஆனால் ஃபேக்டரிக்கு லோடு போனது என்றால்? இருப்பு குறைந்திருக்கும். மலையேறும் காற்றின் கதை அவ்வளவுதான். ஆனால் அதை எண்களில் காட்ட வேண்டுமே.

முதலில் ஒரு கோடு

எந்தக் கணக்கானாலும் எண்களைத் தொடுவதற்கு முன் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள் இருப்பது அமைப்பு, வெளியே இருப்பது சுற்றுப்புறம். சிப்ஸ் பாக்கெட் என்றால் உள்ளே இருக்கும் வாயுவை மட்டும் சுற்றிக் கோடு. சிப்ஸும் கவரும் வெளியே. டயர் என்றால் உள்ளே இருக்கும் காற்று மட்டும், ரப்பர் வெளியே. இது சின்னப்பிள்ளை வேலை மாதிரித் தெரியும். ஆனால் "வேலையை யார் செய்தது, யார்மீது செய்தது" என்று குழம்பி நிற்கிறவர்களின் நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் கோடு இருக்காது.

அடுத்து, கோட்டைத் தாண்டி வாயு உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பாருங்கள். நாம் இங்கே போடும் கணக்குகள் வாயுவின் அளவு மாறாத இடங்களுக்கானவை. ஓட்டை விழுந்த டயருக்கு இவை அப்படியே செல்லா.

கூட்டலா, கழித்தலா

இது ஒரு தொல்லை. இயற்பியல் வாத்தியார் "அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் − வேலை" என்று எழுதுவார். அடுத்த பீரியடில் வேதியியல் வாத்தியார் வந்து "வெப்பம் + வேலை" என்று எழுதுவார். யார் சொல்வது தப்பு என்று பிள்ளைகள் என்னிடம் பஞ்சாயத்துக்கு வருவார்கள். இரண்டுமே சரி. இயற்பியலில் வேலை என்றால் வாயு வெளியே செய்தது. வேதியியலில் வேலை என்றால் வெளியிலிருந்து வாயுவின்மீது செய்யப்பட்டது. ஒன்றுக்கு மற்றொன்று எதிர்க்குறி. ருடால்ஃப் கிளாசியஸ் 1850-இல் இந்த விதியை எழுதும்போது நீராவி இயந்திரம் எவ்வளவு வேலை தரும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதனால் வெளியே போகிற வேலைக்குக் கூட்டல் குறி. வேதியியலாருக்குத் தங்கள் குடுவைக்குள் எவ்வளவு ஆற்றல் வந்தது என்பதுதான் முக்கியம்.

நான் இங்கே இயற்பியல் வழக்கத்தையே பின்பற்றுகிறேன். விரிந்தால் வேலை கூட்டல், சுருங்கினால் கழித்தல். வெப்பம் உள்ளே வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல். விடைத்தாளின் மேல் மூலையில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டுத் தொடங்குங்கள். நானே கல்லூரிக் காலத்தில் ஒரு தேர்வில் பாதிக் கணக்கை ஒரு வழக்கத்திலும் மீதியை மற்றதிலும் போட்டு, விடை எதிர்க்குறியோடு வந்து மதிப்பெண் இழந்தவன்.

அலகுகள்

வெப்பநிலை எப்போதும் கெல்வினில். செல்சியஸோடு 273 கூட்டினால் போதும். வெப்பநிலை வித்தியாசம் மட்டும் தேவைப்படும் இடத்தில் செல்சியஸ் ஆனாலும் ஒன்றுதான், ஆனால் விகிதம் எடுக்கும் இடத்தில் செல்சியஸைப் போட்டால் கணக்கு நாசம்.

அழுத்தத்துக்கும் பருமனுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் நேராக ஜூல் வரும். ஆயிரத்தால் பெருக்குவதும் ஆயிரத்தால் வகுப்பதும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கனமீட்டருக்கு மாற்றி, பத்தின் அடுக்குகளில் சுழியத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நம் ஊர்க் கணக்குக்குத் தேவையான எண்கள்: மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 97.5 கிலோபாஸ்கல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கே ஏறத்தாழ 77.5. சில செல்போன்களில் அழுத்தமானி இருக்கும். பஸ்ஸில் ஏறும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டு எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். காது அடைப்பதும் அதே எண்ணால்தான். வாயு மாறிலி 8.314. காற்றும் நைட்ரஜனும் ஈரணு மூலக்கூறு வாயுக்கள். பருமன் மாறாதபோது அவற்றின் மோலார் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு மோலை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) 20.8, அழுத்தம் மாறாதபோது 29.1. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், 8.3. அது வாயு மாறிலியேதான். இதற்குத்தான் மேயர் தொடர்பு என்று பெயர். அந்த 8.3 எங்கே போகிறது என்பது பலூன் கணக்கில் தெரியும்.

அக ஆற்றலை முதலில் போட்டுவிடுங்கள்

புதிதாக வருபவர்கள் வேலையிலிருந்து தொடங்குவார்கள். நான் அக ஆற்றலிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏனென்றால் நல்லியல்பு வாயுவுக்கு (மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்காததாகக் கொள்ளும் வாயு) மூன்றில் அது ஒன்றுதான் எந்த வழியாக மாறியது என்பதைப் பொறுத்தது அல்ல. தொடக்க வெப்பநிலையும் இறுதி வெப்பநிலையும் தெரிந்தால் முடிந்தது:

அக ஆற்றல் மாற்றம் = மோல் எண்ணிக்கை × 20.8 × வெப்பநிலை மாற்றம்

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பாதிப்பேர் அதில் விழுவார்கள். 20.8 என்பது பருமன் மாறாத ஏற்புத்திறன்தானே, பருமன் மாறும் கணக்கில் அதை எப்படிப் போடுவது என்று தயங்கி 29.1-ஐப் போட்டுவிடுவார்கள். அக ஆற்றலுக்கு எப்போதும் 20.8தான். வாயு விரியட்டும், சுருங்கட்டும், சுற்றிச் சுற்றி எங்கே போய்வரட்டும், வெப்பநிலை எவ்வளவு மாறியது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

இதற்குச் சோதனைச் சான்று இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூலிடமிருந்து வந்தது. 1845-இல் அவர் இரண்டு செம்புக் கலன்களை ஒரு குழாயால் இணைத்தார். ஒன்றில் அழுத்தி அடைத்த காற்று, மற்றொன்று வெற்றிடம். இரண்டையும் தண்ணீருக்குள் வைத்து வால்வைத் திறந்தார். காற்று பாய்ந்து இரண்டையும் நிரப்பியது. தண்ணீரின் வெப்பநிலை அசையவில்லை. வெற்றிடத்துக்குள் விரியும்போது தள்ளுவதற்கு எதிரே ஆளில்லை, ஆகவே வேலை சுழி. வெப்பமும் சுழி. அப்படியென்றால் அக ஆற்றலும் மாறவில்லை. பருமன் இரு மடங்கு போல் ஆகியும் வெப்பநிலை மாறாததால், அக ஆற்றல் பருமனைப் பொறுத்ததல்ல. பின்னால் இன்னும் நுட்பமாக அளந்தபோது உண்மையான வாயுக்களில் சிறு மாற்றம் தெரிந்தது. நம் கணக்குகளுக்கு அது தேவையில்லை.

அக ஆற்றல் கிடைத்ததும், எது மாறாமல் இருக்கிறது என்று பார்த்து வேலையைக் கண்டுபிடியுங்கள். வெப்பத்தைக் கடைசியாக, விதியிலிருந்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சரி, கணக்குக்கு வருவோம்.

டயர்: பருமன் மாறாதபோது

மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரி வெயிலில் கார் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. காற்றுப் பிடித்துக்கொண்டு ஊட்டிக்கு வருகிறீர்கள். இரவில் 10 டிகிரி. டயருக்குள் 30 லிட்டர் இடம் என்று வைத்துக்கொள்வோம். டயர் கொஞ்சம் அமுங்கும், உப்பும். அதை விட்டுவிட்டுப் பருமன் மாறவில்லை என்று கொள்ளலாம்.

பஞ்சர் கடை மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதைத்தான். 32 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 220.5 கிலோபாஸ்கல், அதோடு மேட்டுப்பாளையத்து 97.5-ஐக் கூட்டினால் உள்ளே இருக்கும் முழு அழுத்தம் 318. இதை மறந்தால் மேலே எதுவும் சரியாக வராது.

மோல் எண்ணிக்கை = அழுத்தம் × பருமன் ÷ (வாயு மாறிலி × வெப்பநிலை) = 318 × 30 ÷ (8.314 × 306) = 3.75. அக ஆற்றல் மாற்றம் = 3.75 × 20.8 × (−23), அதாவது சுமார் −1,800 ஜூல். பருமன் மாறாததால் வேலை சுழி. ஆகவே வெப்பம் −1,800 ஜூல். அவ்வளவும் ரப்பர் வழியாக ஊட்டிக் குளிருக்குப் போய்விட்டது. பருமன் மாறாத இந்த வகையில் "குளிர்ந்தது, ஆகவே வெப்பம் போனது" என்ற பேச்சு முழுக்கச் சரி.

அழுத்தம் என்ன ஆனது? 318 × 283 ÷ 306 = 294. மீட்டரில் பார்த்தால் 294 − 77.5 = 216.5 கிலோபாஸ்கல், 31.4 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. குளிரால் மூன்றரை பி.எஸ்.ஐ. இறங்கியிருக்க வேண்டும், வெளிக்காற்று மெலிந்துபோனதால் ஏறத்தாழ மூன்று திரும்பக் கிடைத்துவிட்டது. "மலைக்குப் போனா டயர்ல காத்தைக் குறைச்சுக்கணும்" என்று ஒருவர், "குளிர்ல காத்து இறங்கிடும், ஏத்திக்கணும்" என்று இன்னொருவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இருவரும் பாதிப் பாதி சரி.

பலூன்: அழுத்தம் மாறாதபோது

ஊட்டியில் காலை 8 டிகிரியில் 3 லிட்டர் பலூன் ஒன்று முற்றத்தில் கிடக்கிறது. வெயில் ஏறி உள்ளே 25 டிகிரி ஆகிறது. பலூன் ரப்பரின் இழுப்பு சிறிதுதான் என்பதால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் 77.5 ஆகவே இருக்கிறது என்று கொள்வோம்.

மோல் எண்ணிக்கை 77.5 × 3 ÷ (8.314 × 281) = 0.0995. அக ஆற்றல் மாற்றம் 0.0995 × 20.8 × 17 = 35.2 ஜூல். பருமன் 298 ÷ 281 என்ற விகிதத்தில் கூடுகிறது, அதாவது 0.18 லிட்டருக்குச் சற்று மேல். அழுத்தம் மாறாததால் வேலை என்பது அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கினால் போதும், 14.1 ஜூல். விதிப்படி வெப்பம் 49.3 ஜூல். சரிபார்க்க 0.0995 × 29.1 × 17 போட்டுப் பாருங்கள், 49.2 வரும். தசமத்தில் வந்த வித்தியாசம், விடுங்கள்.

மேயரின் 8.3 இங்கேதான் போனது. பலூன் விரியும்போது சுற்றியிருக்கும் காற்றை ஒதுக்கித் தள்ள வேண்டுமே, அந்தக் கூலி. ஈரணு வாயுவை அழுத்தம் மாறாமல் சூடாக்கினால் ஏழு பங்கு வெப்பத்தில் ஐந்து பங்கு இருப்புக்கு, இரண்டு பங்கு கூலிக்கு. இந்த 5–2–7 விகிதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மூன்றில் ஒன்று தெரிந்தாலே மற்ற இரண்டும் வந்துவிடும். ஹீலியம், ஆர்கான் போன்ற ஓரணு வாயுக்களுக்கு 3–2–5.

ஒரு கிளைக்கதை. அக ஆற்றலை மோல் எண்ணிக்கை இல்லாமலும் எழுதலாம்: ஈரணு வாயுவுக்கு அது 2.5 × அழுத்தம் × பருமன். இப்போது இரவில் கணப்பு மூட்டிய ஊட்டி வீட்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் பருமன் மாறாது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் காற்று போய்வருவதால் அழுத்தமும் மாறாது. அப்படியென்றால் அறைக்காற்றின் மொத்த அக ஆற்றலும் மாறாது! இவ்வளவு விறகு எரித்தும் இருப்பு ஒரு ஜூல்கூடக் கூடவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். சூடான காற்று விரிந்து ஒரு பகுதி இடுக்கு வழியாக வெளியேறிவிடுகிறது. குறைந்த மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் கூடுதல் ஆற்றல், மொத்தம் அதேதான். ராபர்ட் எம்டன் என்ற சுவிட்சர்லாந்து வானியற்பியலாளர் 1938-இல் இதை ஒரு சிறு குறிப்பாக எழுதினார். வாயு கோட்டைத் தாண்டுகிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். கூடவே ஒன்று: இதைப் படித்துவிட்டு இடுக்குகளை அடைத்துச் சோதனை செய்யாதீர்கள். கரி மூட்டிய அறையைச் சாத்திவிட்டுப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

சிப்ஸ் பாக்கெட்: வெப்பநிலை மாறாதபோது

கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டும்போது உப்பத் தொடங்கி, ஊட்டியில் தலையணை மாதிரி ஆகிவிடும். உள்ளே நைட்ரஜன். கீழே 300 மில்லிலிட்டர், 97.5 கிலோபாஸ்கல். பஸ் ஜன்னலைச் சாத்தி, உள்ளே 27 டிகிரி மாறாமல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆவதால் பாக்கெட் வாயு சுற்றியுள்ள காற்றோடு வெப்பநிலையைச் சமன்செய்துகொள்ள நேரம் தாராளம்.

வெப்பநிலை மாறாததால் அக ஆற்றல் மாற்றம் சுழி. கவர் தளர்வாக இருந்து தாராளமாக இடம் கொடுத்தால் பருமன் 300 × 97.5 ÷ 77.5 = 377 மில்லிலிட்டர். வேலைக்கு எந்த அழுத்தத்தைப் போடுவது? தொடக்க அழுத்தத்தைப் போட்டால் 7.5 ஜூல், இறுதி அழுத்தத்தைப் போட்டால் 6 ஜூல். இரண்டும் தப்பு, ஏனென்றால் அழுத்தம் வழியெல்லாம் இறங்கிக்கொண்டே வந்தது. அழுத்தம்–பருமன் வரைபடத்தில் வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வேலை. அதற்கான சூத்திரம்: அழுத்தம் × பருமன் × பருமன் விகிதத்தின் இயல் மடக்கை. 97.5 × 0.3 = 29.25, விகிதம் 1.258, அதன் இயல் மடக்கை 0.23, வேலை 6.7 ஜூல். கால்குலேட்டரில் எல்.என். பொத்தானை அழுத்துங்கள். லாக் பொத்தானை அழுத்திவிட்டு 2.303-ஆல் பெருக்க மறந்த விடைகளை வருடந்தோறும் பார்க்கிறேன்.

விதிப்படி வெப்பமும் 6.7 ஜூல், கூட்டல் குறியோடு. வெப்பம் உள்ளே வந்திருக்கிறது, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறவில்லை. வந்த இலை அப்படியே ஃபேக்டரிக்குப் போய்விட்டது. ஒரு கிலோ சர்க்கரையைத் தரையிலிருந்து மேசைமேல் வைக்க ஆகும் வேலை அது. பஸ்ஸுக்குள் இருந்த காற்று கொடுத்தது.

மலையேறும் காற்று: வெப்பப் பரிமாற்றமில்லாதபோது

இப்போது முதல் கேள்வி. சரிவில் ஏறும் காற்றுத் திரள் கிலோமீட்டர்க் கணக்கில் அகலமானது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. விளிம்பில் ஏதோ கொஞ்சம் பரிமாறலாம், நடுவில் உள்ள காற்றுக்கு வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆகவே வெப்பம் சுழி. "வேகமாக நடந்தால்தான் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு" என்று சில கையேடுகளில் இருக்கும். வெப்பம் நுழைய நேரமில்லை என்பதுதான் சரியான பேச்சு. பம்பு அடிக்கும்போது வேகத்தால் நேரமில்லை. மலைக்காற்றில் உருவத்தின் பெருமையால் நேரமில்லை.

இந்த நிகழ்வுக்கு வெப்பநிலை, அழுத்த விகிதத்தின் 0.286 அடுக்காக மாறும். அந்த 0.286 எங்கிருந்து வந்தது என்றால் பலூனின் ஏழில் இரண்டு பங்கு. 77.5 ÷ 97.5 = 0.795, அதன் 0.286 அடுக்கு 0.9365. கீழே 306 கெல்வின் என்றால் மேலே 286.6, அதாவது 33 டிகிரியில் கிளம்பிய காற்று 13.6 டிகிரியில் வந்து சேரும். ஒரு மோல் காற்றுக்கு அக ஆற்றல் மாற்றம் 20.8 × (−19.4) = −404 ஜூல். வெப்பம் சுழி என்பதால் வேலை +404 ஜூல். மேலே வர வர அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிய வேண்டுமானால் பக்கத்துக் காற்றைத் தள்ள வேண்டும், தள்ளுவதற்கு வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்கவில்லை. சொந்த இருப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தது. அதுதான் குளிர்.

சிப்ஸ் பாக்கெட்டும் இந்தக் காற்றும் ஒரே அழுத்தத்திலிருந்து ஒரே அழுத்தத்துக்குத்தான் வந்தன. ஒன்று குளிரவில்லை, ஒன்று 19 டிகிரி குளிர்ந்தது. பாக்கெட்டுக்குக் கூலி கொடுக்க பஸ் இருந்தது.

ஆனால் மேட்டுப்பாளையத்தில் 33 இருக்கும் நாளில் ஊட்டியில் பகலில் 20 டிகிரியும் அதற்கு மேலும்கூடக் காட்டும். கணக்குத் தப்பா? இல்லை. நாம் போட்டது உலர்ந்த காற்றுக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 டிகிரி என்ற கணக்கு. உண்மைக் காற்றில் நீராவி இருக்கிறது. சரிவில் எங்கே மேகம் படிகிறதோ அங்கே நீராவி துளியாகி, ஆவியாகும்போது வாங்கிவைத்திருந்த உள்ளுறை வெப்பத்தைக் காற்றுக்குள்ளேயே விடுகிறது. அதற்குமேல் காற்று குளிரும் வேகம் குறைந்துவிடும். வளிமண்டலத்தின் சராசரி கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி அளவில்தான் நிற்கும். ஊட்டித் தரையை வெயில் சூடாக்குவதும் சேர்கிறது.

எதிர்த்திசையில் இதே கணக்கு நம் பஸ்ஸுக்குள்ளேயே ஓடுகிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை 18-இல் ஒரு பங்காக அழுத்துகிறது என்று கொள்வோம். பருமன் விகிதத்துக்கு அடுக்கு 0.4. 18-இன் 0.4 அடுக்கு 3.18. ஊட்டிக் காலையில் 290 கெல்வினில் உள்ளே வந்த காற்று 922 கெல்வின், ஏறத்தாழ 650 டிகிரி ஆகிவிடும். அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். வெப்பம் சுழி, வேலை கழித்தல் குறி, இருப்பு ஏறுகிறது. உண்மையில் குளிர்ந்த சிலிண்டர் சுவர் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்வதால் வெப்பநிலை அவ்வளவு ஏறாது. விடிகாலையில் வண்டி கிளம்ப அடம்பிடிப்பது அதனால்தான்.

எது வெப்பநிலை மாறாதது, எது வெப்பப் பரிமாற்றமில்லாதது என்று குழம்பினால் வெட்கப்பட வேண்டாம். நியூட்டனே குழம்பிய இடம் இது. ஒலி போகும்போது காற்று அழுந்தித் தளர்வதை வெப்பநிலை மாறாத நிகழ்வாக எடுத்துக்கொண்டதால், ஒலியின் வேகம் உண்மையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாக வந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, 1816-இல் லாப்லாஸ்தான் அதைச் சரிசெய்தார். குன்னூர் டால்பின் நோஸ் காட்சிமுனையில் நின்று நீங்கள் கூவும் கூவல், தன் வெப்பத்தைப் பக்கத்துக் காற்றோடு பகிர நேரமில்லாமல்தான் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது.

எங்கே இது செல்லாது

மலை ரயிலை வைத்துக் கணக்குக் கேட்பார்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பல்சக்கர ரயில். நீராவி சிலிண்டரில் விரிந்துதான் பிஸ்டனைத் தள்ளுகிறது. முதல் விதி அங்கேயும் செல்லும். ஆனால் நீராவி நல்லியல்பு வாயு அல்ல. விரியும்போதே ஒரு பகுதி தண்ணீராகிவிடும். அதற்கு நீராவி அட்டவணை வேண்டும். 20.8-ஐயும் 0.286-ஐயும் அங்கே கொண்டுபோகாதீர்கள். குக்கரும் அப்படித்தான்.

ஒரு கணக்கு உங்களுக்கு

ஊட்டியில் 15 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றுள்ள பலூனை முடிச்சுப் போட்டு, 33 டிகிரி மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோங்கள். நீலகிரியில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் செய்து பார்க்கலாம் என்று நினைத்தால் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொள்வார்கள், பலூனே போதும். அழுத்தம்–பருமன் வரைபடத்தில் அழுத்தம் 77.5-இலிருந்து 97.5-க்கு நேர்கோட்டில் ஏறியது என்று வைத்துக்கொண்டு மூன்றையும் கண்டுபிடியுங்கள். போட்ட பிறகு கீழே பாருங்கள்.

இறுதிப் பருமன் 0.845 லிட்டர். அக ஆற்றல் மாற்றம் +12.1 ஜூல். சராசரி அழுத்தம் 87.5-ஐ வைத்து வேலை −13.6 ஜூல். வெப்பம் −1.5 ஜூல். பலூனுக்குள் காற்று 18 டிகிரி சூடாகியிருக்கிறது, அதே நேரத்தில் வெளியே வெப்பம் கொடுத்திருக்கிறது. குறியில் தப்பு என்று அழிக்கப் போனீர்களானால், அழிக்காதீர்கள்.